நாற்பதுக்கு மேல் வாத்தியம் பழக ஆசையா? பியானோவையும் மற்றவற்றையும் பற்றி மைனிக்குச் சொன்னது

போன மாதம் திருநெல்வேலி டவுனில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு மைனி கேட்டார்: "தம்பி, வர்ற மே மாசத்தோட எனக்கு வேலை முடியுது. அதுக்குப் பொறவு ஏதாவது ஒரு வாத்தியம் படிக்கணும்னு ஆசையா இருக்கு. நீங்க படிக்கீங்கள்லா, அந்தப் பியானோவையே நானும் படிக்கட்டுமா? இல்ல, இந்த வயசுக்கு வேற எதுவும் லேசா வருமா?"

தபால் நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இத்தனை நாள் மற்றவர்களுக்காகவே ஓடியவர் தனக்காக ஒன்று கேட்கிறார் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "கண்டிப்பா வரும் மைனி" என்று அப்போது சொல்லிவிட்டேன். ஆனால் அவர் கேட்டது வருமா, வராதா என்று மட்டும் இல்லையே. எது என்று கேட்டார். அதற்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை, அவரைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்கு இப்போது 46 வயது. பியானோ தொடங்கியது 41இல். அதற்கு முன்னால் ஒன்றரை வருடம் வயலின் பழகினேன். கல்லூரியில் படிக்கும்போது சில மாதம் புல்லாங்குழல் ஊதியிருக்கிறேன். மற்ற வாத்தியங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கூடப் பழகியவர்களைப் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டதுதான்.

எல்லாரும் முதலில் "எது சுலபம்?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் வளர்ந்தவர்கள் வாத்தியத்தைப் பாதியில் விடுவது கடினமாக இருப்பதால் அல்ல என்று நினைக்கிறேன். கடினமான எத்தனையோ வேலையை நாம் தினமும் செய்கிறோம். காதில் இருக்கிற இசை ஒன்றாகவும் கையில் இருக்கிற வாத்தியம் வேறாகவும் இருக்கும்போதுதான் கை சோர்ந்துபோகிறது. அதனால் வாத்தியத்தைப் பார்க்கும் முன்னால் காதைப் பார்க்க வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர்களுக்குக் காதுக்குள் இரண்டு உலகம் உண்டு. ஒன்று, நாதசுரமும் தவிலும். ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதியில் நின்று கேட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற காருகுறிச்சியிலிருந்து வந்தவர்தான் நாதசுர மேதை அருணாசலம். 1964இல், நாற்பத்து மூன்று வயதிலேயே போய்விட்டார். இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் காலையில் அவர் வாசிப்பைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை தொடங்கும். அந்த நாதத்தில் ஒரு சுரமும் அசையாமல் நிற்காது. வழுக்கும், குழையும், சுற்றி வந்து உட்காரும்.

இன்னொன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில். 1826இல் எழுந்த ஊசிக்கோபுரம் என்ற கிறிஸ்தவக் கோயிலின் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து போனால் ஆர்கன் சத்தம் கேட்கும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கூட்ட அரங்கின் மூலையில் ஒரு பழைய பியானோ இருந்தது. தினமும் காலையில் ஒரு டீச்சர் அதை வாசிக்க, நாங்கள் பாடுவோம். நாங்கள் பாடுவது ஒரு மெட்டு. அவர் வாசிப்பதில் அந்த மெட்டுக்கு அடியில் இன்னும் மூன்று குரல்கள் ஓடும். எனக்கு அந்த அடியில் ஓடும் குரல்கள்தான் பிடிக்கும். பாட்டை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். முப்பது வருடம் கழித்து நான் பியானோவுக்குப் போனது அதனால்தான்.

சரி, உங்கள் காதில் எது இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வாரம் உங்கள் வாய் தானாக முணுமுணுப்பதைக் கவனியுங்கள். காய் நறுக்கும்போது, வண்டி ஓட்டும்போது, குளிக்கும்போது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு போகிறீர்களா, படி ஏறுவதைப் போல் தனித்தனியாக வைக்கிறீர்களா? பாட்டை முணுமுணுக்கிறீர்களா, பாட்டுக்குப் பின்னால் வரும் கிட்டாரையும் பேஸையும் முணுமுணுக்கிறீர்களா? அல்லது வாயே திறக்காமல் விரல் மட்டும் மேசையில் தாளம் போடுகிறதா? பாதி முடிவு இங்கேயே கிடைத்துவிடும்.

பியானோ: முதல் நாள் தரும் பரிசு

இத்தாலியில் 1700ஐ ஒட்டி பார்த்தொலோமியோ கிறிஸ்டோஃபோரி என்பவர் செய்தது இது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டிவிட்டு விழும். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஓசை, வேகமாக அழுத்தினால் பலத்த ஓசை. அதற்கு முந்தைய கம்பிக் கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் இது முடியாது. மெல்லவும் பலமாகவும் என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்துதான் பியானோஃபோர்ட்டே என்ற பெயரே வந்தது. நாம் அதைப் பியானோ என்று சுருக்கிவிட்டோம். 52 வெள்ளை, 36 கறுப்பு, மொத்தம் 88 கட்டைகள்.

வளர்ந்த பிறகு தொடங்குகிறவர்களுக்கு இதைப்போல் இரக்கம் காட்டுகிற வாத்தியம் வேறு இல்லை. முதல் நாள், முதல் நிமிடம், ஒரு விரலால் அழுத்தினாலே சுத்தமான சுரம் கேட்கும். வயலினில் அந்தச் சுத்தத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், குழலில் நாள் கணக்கில். சுரங்கள் எல்லாம் கண் முன்னால் இடமிருந்து வலமாக வரிசையாக இருப்பதால், ஏன் இந்த இரண்டு சுரம் சேர்ந்தால் இனிக்கிறது, அந்த இரண்டு சேர்ந்தால் உறுத்துகிறது என்பதைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். சின்னப் பிள்ளைகள் விரலால் கற்கிறார்கள். நாம் புரிந்துகொண்டு கற்கிறோம். அதற்கு இந்த வரிசை பெரிய உதவி. நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பதால் முழங்காலுக்கும் தொந்தரவு இல்லை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது சின்ன விஷயம் கிடையாது.

ஆனால் கடினம் இல்லாமல் இல்லை. தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது அல்லது மூன்றாவது மாதத்தில், வலது கை மெட்டையும் இடது கை வேறொன்றையும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டி வரும். அன்றைக்கு இரண்டு கையும் நம்முடையது இல்லை என்று தோன்றும். ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும். நிறையப் பேர் "எனக்கு வராது" என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள். சிறு வயதில் பாட்டு வகுப்புக்குப் போனவர்கள் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே வாயால் சரளி வரிசை பாடியிருப்பார்கள். கை ஒரு வேலை, வாய் ஒரு வேலை. அதுவும் முதலில் வராமல்தான் இருந்தது. இதுவும் அதே சங்கதிதான். வலது கையைத் தனியாக, இடது கையைத் தனியாக, பிறகு பாதி வேகத்தில் இரண்டையும் சேர்த்து, ஒரு தடவைக்கு இரண்டே வரி. எனக்கு ஏழு வாரம் ஆனது. எட்டாவது வாரத்தில் ஒரு நாள் யோசிக்காமலேயே இரண்டு கையும் ஓடின. வாத்தியத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நேரத்தைப் பற்றிச் சொல்வதானால், தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் ஐந்து விரலுக்குள் அடங்கும் மெட்டுகள் வரும். ஒரு வருடத்தில், தெரிந்த பாட்டுக்கு இடது கையில் எளிய கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அழுத்துவது) போட்டு, கேட்பவர்கள் கூடப் பாடும்படி வாசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்வதில் பலன் குறைவு. விரல் இடையில் மறந்துவிடுகிறது.

எந்தப் பியானோ

மரப் பியானோவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். புதிது என்றால் விலை லட்சக்கணக்கில் போகும். உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள். வருடத்துக்கு ஒரு தடவையாவது சுருதி சேர்க்க வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் மாறி மாறி வரும்போது அந்த மரம் விரிந்தும் சுருங்கியும் சுருதி இறங்கிவிடும். சுருதி சேர்க்கத் தெரிந்தவரை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பியானோவில் நான்கைந்து கட்டைகள் எப்போதும் பிசகியே இருந்ததன் காரணம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

மின்னணு வாத்தியங்களில் இரண்டு வகை. 61 கட்டை கீபோர்டு ஒன்று, 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்று. யமஹா, காசியோ இரண்டிலும் இரண்டு வகையும் உண்டு. கீபோர்டு 10,000 முதல் 20,000 ரூபாய்க்குள் நல்லதாகக் கிடைக்கும். டிஜிட்டல் பியானோ ஏறத்தாழ 40,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. வித்தியாசம் கட்டைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. டிஜிட்டல் பியானோவின் கட்டைகளில் சுத்தியலின் கனம் இருக்கும். விரலுக்குப் பலம் ஏறுவது அந்தக் கனத்தில்தான்.

நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு கடையில், விலை குறைவு என்று, அழுத்தத்துக்கு ஏற்ப ஓசை மாறாத கீபோர்டு ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் முந்நூறு விதமான சத்தங்களையும் தாளங்களையும் போட்டுக் காட்டினாரே தவிர, இதைச் சொல்லவில்லை; எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம். ஐந்து மாதம் அதில் பழகிவிட்டு ஆசிரியர் வீட்டுப் பியானோவில் உட்கார்ந்தபோது என் விரல்கள் எல்லாச் சுரத்தையும் கத்த வைத்தன. மெல்லிய ஓசையை எடுக்கவே தெரியவில்லை. அதை மாற்ற இன்னொரு ஆறு மாதம் ஆனது. அதனால், கடையில் வேறெதையும் பார்க்கும் முன்னால் ஒரே கட்டையை மெல்லவும் பலமாகவும் அழுத்திப் பாருங்கள். சத்தம் மாறவில்லை என்றால் வாங்காதீர்கள். காசு இருந்தால் நேராக டிஜிட்டல் பியானோவுக்கே போகலாம். அதோடு காலால் மிதிக்கும் சஸ்டெயின் பெடலையும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அழுத்தத்துக்கு ஏற்ப ஓசை மாறும் டச் வசதி உள்ள 61 கட்டை போதும், முதல் ஒன்றரை வருடத்துக்குத் தாங்கும்.

மின்னணு வாத்தியத்தில் எனக்குப் பெரிய வரமாகத் தெரிவது ஹெட்ஃபோன். நான் இருப்பது வளவு வீடு. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் எண்பது வயது ஆச்சி, இந்தப் பக்கம் பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன். எனக்கு நேரம் கிடைப்பது ராத்திரி பத்து மணிக்கு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் வெளியே கட்டை தட்டும் மெல்லிய சத்தம்தான் கேட்கும். வயலினும் குழலும் பழகிய நாட்களில் பாதி நாள் நேரம் இருந்தும் வாசிக்க முடியாமல் போனது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. தரையோடு தாழ்வாக வைக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்ணார்பேட்டைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் கீபோர்டு தண்ணீரில் மூழ்கிப் போனது. மரப்பெட்டியைக் காயவைக்கலாம், இதைக் காயவைக்க முடியாது.

பியானோவால் முடியாதது

இதைத்தான் மைனிக்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிய பிறகு அந்தச் சுரத்தின் மேல் நமக்கு அதிகாரம் போய்விடுகிறது. அதை அசைக்க முடியாது, வளைக்க முடியாது. சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் கிடையாது.

நம் இசைக்கும் கட்டை வாத்தியத்துக்கும் உறவே இல்லை என்று சொல்ல வரவில்லை. "அவருக்குச் சுருதி ஒரு கட்டை, இவருக்கு ஐந்தரைக் கட்டை" என்று சொல்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைதான். முதல் வெள்ளை ஒரு கட்டை, அதை ஒட்டிய கறுப்பு ஒன்றரை. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் கறுப்பு இல்லை, அதனால்தான் மூன்றரைக் கட்டைச் சுருதி என்று யாரும் சொல்வதில்லை. முதன்முதலில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து இது புரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சரளி வரிசை பாடும் ராகமான மாயாமாளவகௌளையும் அப்படித்தான். முதல் வெள்ளையில் ச வைத்தால், ஐந்து வெள்ளையிலும் இரண்டு கறுப்பிலும் ஏழு சுரமும் அடங்கிவிடும். சங்கராபரண ராகத்துக்குக் கறுப்பே வேண்டாம்.

ஆனால் இடம் தெரிவதும் இசை வருவதும் வேறு வேறு. ஆர்மோனியம் நம் சுரங்களை வளைக்காது என்ற வாதத்தில்தான் அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை போட்டது. 1971இல்தான் அதைத் தளர்த்தியது. அந்தத் தடை நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. கிராமத்து நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் எத்தனை ஆயிரம் பேருக்கு ஆர்மோனியம் சுருதி காட்டியிருக்கிறது! ஆனாலும் அவர்கள் கண்ட குறை உண்மையானது. தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது க சுரத்தை, பியானோவில் ஒரு கட்டையில் அழுத்திப் பாருங்கள், அது தோடியாக இருக்காது. கீபோர்டில் சுரத்தை வளைக்கும் சக்கரத்தை இடது கையால் உருட்டிக் கமகம் கொண்டுவரும் கலைஞர்கள் உண்டு. கேட்கவே வியப்பாக இருக்கும். ஆனால் பழகத் தொடங்குகிறவர்கள் அதை நம்பி இறங்குவதை நான் ஒப்பமாட்டேன்.

இதைக் கண்கூடாகப் பார்க்க வேண்டும் என்றால் நம் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில் ஆராதனைக்குப் போய்க் கேளுங்கள். மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலை வரும்போது ஆர்கன் முழு உடம்போடு பாடும். நான்கு குரலும் நிரம்பி நிற்கும். அடுத்துக் கீர்த்தனை வரும். கீர்த்தனை பாடியவர்களில் பெரியவர் வேதநாயக சாஸ்திரியார், 1774இல் இதே திருநெல்வேலியில் பிறந்தவர். ராகத்தில் அமைந்த பாட்டு. சபையார் இழுத்துக் குழைத்துப் பாடுவார்கள். இப்போது ஆர்கன் பின்னால் நகர்ந்து குரலுக்கு வழிவிடும். ஒரே ஆள், ஒரே வாத்தியம், ஒரே காலை. பியானோவின் பலமும் எல்லையும் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நடுவில் ஒரு பாலமும் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்யம் எழுதினார். நோட்டு ஸ்வரங்கள் என்பார்கள். சங்கராபரணத்தில், கமகமே இல்லாமல், படிப்படியாக நடக்கும் மெட்டுகள். பியானோ தொடங்கும் தமிழர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிப் பாட்டு எனக்குத் தெரியவில்லை. வெள்ளைக் கட்டைகளே போதும்.

வயலினும் மற்றவையும்

தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் அந்த எட்டயபுரம் அரசவையில் வித்வானாக இருந்தவர். ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குள் கொண்டுவந்தவர் அவர். வெள்ளைக்காரர்கள் தோளில் வைத்ததை நாம் சம்மணமிட்டு, தலைப்பை வலது கணுக்காலில் ஊன்றி, கம்பிகளை ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து வாசிக்கிறோம். விரல் வழுக்குவதற்குத் தடையே இல்லாத வாத்தியம். அதனால்தான் வாய்ப்பாட்டுக்கு நிழலாக வருகிறது. வழுக்கத் தடை இல்லாததால்தான் பழகக் கடினமாகவும் இருக்கிறது. விரல் நூலளவு தள்ளினால் அபசுரம். வில்லை நேராக இழுக்கவே இரண்டு மாதம் ஆகும்.

நான் ஒன்றரை வருடத்தில், வரிசைகளுக்குப் பிறகு வரும் எளிய பாட்டான கீதம் வரை வந்தேன். என் ஆசிரியர் பொறுமையானவர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பத்தமடைப் பாய் விரித்து, எதிரில் உட்கார வைத்துச் சொல்லித் தருவார். எனக்குச் சுரம் ஒருவாறு நின்றது. ஆனால் வாசித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் நான் முணுமுணுத்தது அந்தக் கீதத்தை அல்ல, பள்ளிக்கூடத்தில் கேட்ட அந்த அடிக்குரல்களை. அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. காது வேறு, கை வேறு என்று மேலே சொன்னது இதைத்தான். வயலின் மேல் எனக்கு இன்றும் மரியாதை குறையவில்லை. 5,000 முதல் 10,000 ரூபாயில் தொடக்க வயலின் கிடைக்கும், பிறகு கம்பியும் வில் முடியும் மாற்றும் செலவு.

புல்லாங்குழல் எல்லாவற்றிலும் மலிவு. சில நூறு ரூபாயிலிருந்து இருக்கிறது, பையில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்கும் போகலாம். கமகமும் வரும். முதல் சில நாள் வெறும் காற்றுதான் வரும், தலை லேசாகச் சுற்றும். உதடு இடம் பிடித்துவிட்டால் பிறகு வேகமாகப் போகலாம். ஆஸ்துமாவோ மூச்சுத் தொந்தரவோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. வாங்கும்போது சுருதி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். திருவிழாக் கடையில் கிடைப்பது பார்க்க அழகாக இருக்கும், சுரம் நிற்காது.

கிட்டார், கூடப் பாட விரும்புகிறவர்களுக்கு. நான்கு கார்டு தெரிந்தால் சினிமாப் பாட்டு ஏராளம் பாடலாம். இரும்புக் கம்பி முதல் மூன்று நான்கு வாரம் விரல் நுனியை வலிக்க வைக்கும், பிறகு தோல் தடித்துவிடும். சர்க்கரை நோய் இருந்து விரல் நுனியில் மரத்துப்போகும் தொந்தரவு உள்ளவர்கள் நைலான் கம்பிக் கிட்டாரோ, நான்கு நைலான் கம்பி உள்ள உகுலேலேயோ பார்க்கலாம். பியானோவோடு ஒப்பிட்டால் கிட்டார் பாட்டுக்குச் சீக்கிரம் துணை வரும். தனியாக ஒரு முழு இசையை வாசிக்க நெடுநாள் ஆகும்.

வீணையைப் பற்றி நினைத்தாலே எனக்குக் கை கூப்பத் தோன்றும். கம்பிக்கு அடியில் மெட்டுகள் எனப்படும் 24 குறுக்குப் பட்டைகள் இருப்பதால் சுரத்துக்கு இடம் தெரியும், கம்பியை இழுத்தால் கமகமும் வரும். பியானோவின் தெளிவும் வயலினின் குழைவும் ஒன்றாக இருக்கிற வாத்தியம். ஆனால் விலை அதிகம், தரையில் உட்கார வேண்டும், இடம் அடைக்கும். மெட்டுகள் மெழுகில் நிற்பதால் நம் ஊர் வெயிலில் கவனமாக வைக்க வேண்டும். மேளம் கட்டத் தெரிந்தவர், அதாவது அந்த மெட்டுகளை மெழுகில் சரியாகப் பொருத்தத் தெரிந்தவர், பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

நாதசுரம் வீட்டுக்குள் பழகும் வாத்தியம் இல்லை, நாற்பதுக்கு மேல் தொடங்கச் சொல்லவும் எனக்குத் துணிவு இல்லை. தாளம்தான் உயிர் என்பவர்களுக்கு மிருதங்கம் இருக்கிறது. கணியான் கூத்தின் தோல் வாத்தியமான மகுடத்தையும் வில்லுப்பாட்டின் குடத்தையும் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தக் குழுக்களோடு பேசிப் பார்க்கலாம்.

ஆசிரியர் விஷயத்தில் கீபோர்டுக்கு நம் பக்கத்தில் கஷ்டம் இல்லை. பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம், எங்கே போனாலும் கோயிலில் வாசித்துப் பழகியவர்கள் வீட்டில் சொல்லித் தருகிறார்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் போன்றவை நடத்தும் இசைத் தேர்வுகளுக்கு மேல் வயது வரம்பும் இல்லை, விரும்பினால் எழுதலாம். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில் எல்லாம் உண்டு, ஆனால் அது இளவயதுப் பிள்ளைகளுக்கானது. நம் வயதுக்கு வீட்டு ஆசிரியர்தான். முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா?" பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே வேகத்தில், அதே பாட்டுகளில் நம்மை ஓட்டுகிறவரிடம் மனம் ஒட்டாது.

இதையெல்லாம் யோசித்து முடித்த பிறகு, போன சனிக்கிழமை மைனியை வீட்டுக்கு வரச் சொன்னேன். பியானோ முன்னால் உட்கார வைத்தேன். எந்தக் கட்டை ச என்று மட்டும் காட்டினேன். சின்ன வயதில் படித்த சரளி வரிசையை ஒற்றை விரலால் தேடித் தேடி வாசித்தார். ஐந்து நிமிடத்தில் மாயாமாளவகௌளை வந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, நான் சொல்லாமலேயே, அடுப்படியில் எப்போதும் முணுமுணுக்கும் ஒரு பாட்டை வாசிக்கத் தொடங்கினார். கூடவே பாடினார். ஒரு காந்தாரம் வந்தது. குரல் அதில் அசைந்தது. அவர் விரலும் கட்டையின் மேலேயே இடமும் வலமுமாக அசைந்தது. சத்தம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி அசைத்தார். அப்படியே நின்றது.

"இது கூட வர மாட்டேங்கு தம்பி" என்றார்.

நான் எழுந்துபோய் அலமாரி மேலிருந்த வயலின் பெட்டியை இறக்கித் துடைத்தேன். ஆறு மாதத்துக்குக் கரகரவென்றுதான் இருக்கும், முழங்காலுக்கு உயரமான மணை போட்டுக்கொள்ள வேண்டும், அண்ணனும் பேரப்பிள்ளையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஆறு மாசந்தான? மே மாசம் வரைக்கும் ஏன் காத்திருக்கணும், இப்பமே தொடங்குதேன்" என்று பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் பழைய ஆசிரியருக்கு அங்கேயிருந்தே போன் போட்டோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்.